புகழ் நிலைத்த பெயர்: புனித தனிஸ்லாஸ் கோஸ்கா



நமது பங்கின் யூபிலி மலரில் கோயில் கட்டிய வரலாறும், இங்கே பணியாற்றிய குருக்களின் வரிசையும், பக்த சபைகளின் அறிக்கைகளும் இடம் பெறுவது முறையே. ஆயினும் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் கோயில் ஆகிவிடா. ஞானஸ்நானத் தொட்டியருகே பெயர் பெற்ற மக்களே உயிருள்ள கோயில். அப்பெயர்களுள் ஒன்றின் வரலாற்றை இந்த யூபிலி ஆண்டில் உங்கள் முன் வைப்பது பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

ஆரோக்கியம், சவரிமுத்து, சூசை, அந்தோணி, ஞானப்பிரகாசம் என்று நம் ஊர்களில் வழங்கும் பெயர்களுக்கு நடுவே தனிஸ்லாஸ் என்ற பெயரும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கம் அதை அழியாமல் காத்திருக்கிறது. ஆனால் அது எந்த நாட்டுப் பெயர், அதன் பொருள் என்ன, அப்பெயரைத் தாங்கிய புனிதர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டால், அதே பெயரை உடையவர்களுள் பலரும் தயங்குகிறார்கள். அது அவர்கள் குற்றம் அன்று. சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆகவே இங்கே சொல்லப்படுகிறது.

பெயர் வந்த வழி

முற்காலத்து வேதபோதகர்கள் புனிதர் பெயர்கள் பலவற்றைத் தமிழாக்கித் தந்தார்கள். முடி என்று பொருள்படும் ஸ்தேவான் என்ற பெயர் முடியப்பர் ஆயிற்று. அலோசியுஸ் கொன்சாகா ஞானப்பிரகாசியார் ஆனார். ஆனால் தனிஸ்லாஸ் என்ற பெயரை யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஒலி மட்டுமே தமிழ் நாவுக்கு இசைய மாறியது. இலத்தீனில் ஸ்தனிஸ்லாவுஸ் என்பது அப்பெயர். தமிழில் சொல்லின் முதலில் ஒற்றெழுத்து நில்லாது. ஆகவே ஸ்தலம் தலமானது போலவும், ஸ்தம்பம் தம்பமானது போலவும், ஸ்தனிஸ்லாவுஸ் தனிஸ்லாஸ் ஆயிற்று. இலக்கணம் படியாத நம் பாட்டன்மார் காதால் கேட்டு வாயால் திருத்திய இப்பெயர், இலக்கண விதிக்கு அப்படியே பொருந்தி நிற்கிறது.

இலத்தீனுக்கு இது இரவல் பெயர். மூலப் பெயர் ஸ்தனிஸ்வாவ் என்று போலந்து மக்கள் உச்சரிக்கும் ஸ்லாவிய மொழிப் பெயராகும். போலந்து, செக், ருஷ்யா முதலிய நாட்டு மக்களின் மொழிகள் ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்மக்கள் கிறிஸ்தவர்களாவதற்கு முன்பிருந்தே தங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு சொற்களை இணைத்துப் பெயரிட்டு வந்தார்கள். பிள்ளை எப்படி விளங்க வேண்டும் என்ற பெற்றோரின் ஆசை அப்பெயரில் அடங்கியிருக்கும். தனிஸ்லாஸ் என்பதில் முதற்பாதி நிற்றல், ஆகுதல் என்று பொருள்படும். பிற்பாதியாகிய ஸ்லாவ் என்பது புகழ், மகிமை என்று பொருள்படும். ஆகவே புகழில் நிலைபெறுக, புகழ் உடையவன் ஆகுக என்ற வாழ்த்தே இப்பெயர்.

இந்த இரண்டு வேர்களும் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. ஸ்லாவிய மொழிகளும் வடமொழியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நிற்றலைக் குறிக்கும் அந்த வேரே வடமொழி வழியாக ஸ்தானம், ஸ்தலம், ஸ்தாபனம் என்ற சொற்களாக நம்மிடையே வழங்குகிறது. ஸ்லாவ் என்பதன் வேர் கேட்டல் என்று பொருள்படுவது. காதைக் குறிக்கும் சிரவணம் என்ற வடசொல்லும் அதே வேரில் பிறந்தது. பிறர் காதில் விழும்படி பேசப்படுவதே புகழ் என்று அம்மக்கள் கருதினார்கள் போலும். பெயரின் பொருளை இவ்வளவு விரித்துக் கூறக் காரணம் உண்டு. எந்தப் புகழ், யார் காதில் விழும் புகழ் என்ற கேள்வியே இப்புனிதரின் வாழ்வு முழுவதும்.

பெயருக்கு முதற் சாட்சி

இப்பெயரைக் கிறிஸ்தவ உலகம் அறியச் செய்தவர் வேறொரு தனிஸ்லாஸ். போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரின் ஆயராக இருந்த அவர், அரசன் இரண்டாம் பொலெஸ்லாவைத் துணிந்து கண்டித்தார். அதன் விளைவாக 1079-ஆம் ஆண்டு கொல்லப்பட்டார். பொலெஸ்லாவ் என்ற பெயரின் பிற்பாதியும் ஸ்லாவ் என்பதே. மிகுந்த புகழ் என்பது அதன் பொருள். மிகுந்த புகழ் என்று பெயர் கொண்ட அரசன் நாட்டை விட்டு ஓடி அந்நிய மண்ணில் மடிந்தான். புகழில் நிலைபெறுக என்று பெயர் கொண்ட ஆயர் 1253-ஆம் ஆண்டு நான்காம் இன்னொசென்ட் பாப்பரசரால் புனிதர் பட்டம் பெற்று, போலந்தின் பாதுகாவலர் ஆனார். அதன்பின் அந்நாட்டுக் குடும்பங்களில் தனிஸ்லாஸ் என்ற பெயர் பெருகிற்று. கோஸ்கா குடும்பமும் அவற்றுள் ஒன்று.

பிறப்பும் குடும்பமும்

தனிஸ்லாஸ் கோஸ்கா 1550-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் போலந்தின் மசோவியாப் பகுதியில் ரோஸ்ட்கோவோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது புனித சவேரியார் கீழ்த்திசையில் உயிரோடு உழைத்துக்கொண்டிருந்தார். தந்தை ஜான் கோஸ்கா அரசவையில் இடம் பெற்ற பிரபு. தாய் மார்கரீத்தா. தனிஸ்லாசுக்கு மூத்தவர் பவுல். நம் வழக்கில் சொன்னால் சின்னப்பன்.

குடும்பத்தின் பெயரும் அதிகாரமும் பிள்ளைகளால் இன்னும் ஓங்க வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். அதில் தவறு இல்லை. எந்தத் தகப்பனுக்கும் உள்ள ஆசைதான் அது. நல்ல கல்வி வேண்டும் என்று 1564-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பவுலையும் தனிஸ்லாசையும், உடன் ஒரு தனி ஆசிரியரையும், வியன்னா நகரிலிருந்த சேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். தனிஸ்லாசுக்கு அப்போது வயது 13.

வியன்னாவில் பட்ட பாடு

தொடக்கத்தில் சகோதரர் இருவரும் சேசு சபையார் நடத்திய மாணவர் விடுதியில் தங்கினார்கள். அந்த வீடு பேரரசர் முதலாம் பெர்டினாந்து கொடுத்தது. அவர் இறந்தபின் அரியணை ஏறிய இரண்டாம் மாக்சிமிலியன் 1565-இல் அவ்வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாணவர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. பவுல் விரும்பியபடி அவர்கள் லூத்தரன் சபையைச் சேர்ந்த ஒருவருடைய வீட்டில் குடியேறினார்கள். அக்காலம் கத்தோலிக்கரும் பிரிந்த சகோதரரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணிய காலம். இன்று நாம் அவர்களோடு சேர்ந்து செபிக்கிறோம். அன்றோ கத்தோலிக்க வழிபாட்டுக்கு உரிய எதையும் அவ்வீட்டுக்காரர் தம் வீட்டினுள் அனுமதிக்கவில்லை.

இதைவிடப் பெரிய துன்பம் சொந்த அண்ணனிடமிருந்து வந்தது. பவுல் ஆடல் பாடல், விருந்து, நல்ல உடை என்று நாட்களைக் கழிக்க விரும்பிய வாலிபர். தம்பியோ பாடம் முடிந்ததும் கோயிலைத் தேடிப் போவார். இரவில் எழுந்து செபிப்பார். எளிய உடையே உடுத்துவார். தம்பியின் இந்த ஒழுக்கம் தமக்கு அவமானம் என்று பவுல் நினைத்தார். முதலில் ஏளனம் செய்தார். பின்னர் அடித்தார், மிதித்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. ஆசிரியரும் பெரிய பிரபுவின் மூத்த மகனைக் கடிந்துகொள்ளவில்லை. தம்பிக்கே புத்தி சொன்னார். தனிஸ்லாஸ் திருப்பி அடிக்கவில்லை. அதற்காகத் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நோயும் அழைப்பும்

1565-ஆம் ஆண்டு டிசம்பரில் தனிஸ்லாஸ் கடும் நோயுற்றார். பிழைக்கமாட்டார் என்றே எல்லாரும் எண்ணினார்கள். சாகுமுன் தேவநற்கருணை உட்கொள்ள ஏங்கினார். வீட்டுக்காரருக்கு அஞ்சிக் குருவானவரை அழைத்து வர ஒருவரும் துணியவில்லை. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலியான புனித பார்பரம்மாளின் பக்த சபையில் அவர் ஓர் உறுப்பினர். அவளை நோக்கி மன்றாடினார். அவள் சம்மனசுகளோடு தோன்றி அவருக்கு நற்கருணை வழங்கினாள் என்பது தொன்றுதொட்டு வரும் வரலாறு. பின்னர் தேவதாய் தோன்றித் தம் திருக்குழந்தையை அவர் கைகளில் வைத்து, சேசு சபையில் சேரும்படி பணித்தார் என்றும் அவ்வரலாறு கூறும். நோய் நீங்கிற்று. கையில் குழந்தை இயேசுவோடு அவருடைய சுரூபம் செய்யப்படுவது இந்தக் காட்சியை நினைவூட்டவே.

எழுந்து நடமாடியதும் அவர் வியன்னாவிலிருந்த சபைத் தலைவரை அணுகித் தம்மைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். தந்தையின் சம்மதம் இல்லாமல் அத்தகைய பிரபுவின் மகனைச் சேர்த்தால் சபைக்கு என்ன நேருமோ என்று தலைவர் அஞ்சினார். தந்தை சம்மதிக்கமாட்டார் என்பது தனிஸ்லாசுக்கு நன்றாகத் தெரியும். வாசல் ஒவ்வொன்றாக அடைபட்டது. கடைசியில் ஒரு குருவானவர், ஜெர்மனியில் சபைத் தலைவராக இருந்த பேதுரு கனீசியுசைப் போய்ப் பார்க்கும்படி வழி சொல்லி, கடிதமும் கொடுத்தார்.

கால்நடையாக ஒரு பயணம்

1567-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை, 16 வயதுத் தனிஸ்லாஸ் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். வழியில் தம் விலையுயர்ந்த ஆடையை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, முரட்டுத் துணி உடுத்தித் தடி ஊன்றி நடந்தார். செய்தி அறிந்த பவுல் வண்டி பூட்டித் துரத்தினார். ஆனால் பிடிக்க முடியவில்லை. குதிரைகள் ஓட மறுத்து நின்றுவிட்டன என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்து, தோளில் பையோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து அங்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் உண்டு. கூட வருபவர்களின் செபமாலை உண்டு. தனிஸ்லாஸ் வியன்னாவிலிருந்து ஆக்ஸ்பர்க் நகருக்கு நடந்த தூரம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் போவதைவிட அதிகம். துணைக்கு ஒருவரும் இல்லை. அங்கே சேர்ந்தபோது கனீசியுஸ் அங்கில்லை, டில்லிங்கன் என்ற ஊருக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. அங்கும் நடந்து போனார்.

பிற்காலத்தில் புனிதராகவும் திருச்சபையின் மறைவல்லுநராகவும் உயர்த்தப்பட்ட கனீசியுஸ், வந்து நின்ற பையனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கல்லூரி மாணவர்களுக்கு உணவு பரிமாறவும் அறைகளைப் பெருக்கிச் சுத்தம் செய்யவும் வைத்துச் சோதித்தார். பணியாட்கள் புடைசூழ வளர்ந்த பிள்ளை, தம்மைவிடத் தாழ்ந்த குடும்பத்து மாணவர்களின் எச்சில் தட்டை எடுத்தார். முகம் சுளிக்காமல் செய்தார். சில வாரங்களில் கனீசியுசின் ஐயம் தீர்ந்தது. இவரிடமிருந்து பெரிய காரியங்களை எதிர்பார்ப்பதாகக் கடிதம் எழுதி, இருவர் துணையோடு ரோமுக்கு அனுப்பினார். ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து இன்னும் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர்.

ரோமில் பத்து மாதம்

அக்டோபர் மாதக் கடைசியில் அவர் ரோமாபுரி சேர்ந்தார். சேசு சபையின் அதிபர் புனித பிரான்சிஸ் போர்ஜியா அவரை வரவேற்றார். போர்ஜியாவும் ஒரு காலத்தில் ஸ்பெயின் நாட்டுக் கோமகனாக இருந்து, அப்பதவியைத் துறந்து சபையில் சேர்ந்தவர். துறப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். 1567 அக்டோபர் 28-ஆம் நாள், தம் 17-ஆம் பிறந்தநாளிலேயே தனிஸ்லாஸ் நவதுறவி ஆனார். நம் இந்திய நாட்டுக்கு வந்து, மாமன்னர் அக்பரின் அரசவையில் வேதம் போதித்து, 1583-இல் கோவாவை அடுத்த குங்கொலிம் என்ற ஊரில் இரத்தம் சிந்திய முத்திப்பேறு பெற்ற ருடோல்ப் அக்வவீவா அவரோடு அக்காலத்தில் நவதுறவியாக இருந்தவர்.

போலந்திலிருந்து தந்தையின் கடிதம் வந்தது. குடும்பத்தின் மானத்தைக் கெடுத்துவிட்டான் என்று கோபம் கொப்பளிக்க எழுதியிருந்தார். மகனைக் கவர்ந்துகொண்ட சேசு சபையாரைப் போலந்து நாட்டிலிருந்தே வெளியேற்றிவிடுவதாகவும் மிரட்டியிருந்தார். மகன் பதில் எழுதினார். தந்தைக்குரிய மரியாதையில் ஓர் எழுத்தும் குறையவில்லை. இறைவனின் அழைப்பைவிட்டு விலகவும் இல்லை.

அதன்பின் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? அவர் நூல் எழுதவில்லை, பிரசங்கம் செய்யவில்லை, குருப்பட்டம் பெறவில்லை, எந்தத் தேசத்துக்கும் வேதம் போதிக்கப் போகவில்லை. சமையற்கட்டில் உதவினார், தரையைத் துடைத்தார், செபித்தார், சட்டங்களைக் கடைப்பிடித்தார். அன்றாடச் சிறு வேலைகளை இறைவனுக்காக முழு மனத்தோடு செய்தார். பத்து மாதம்கூட நிறையவில்லை.

1568 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், அந்த மாதமே வாழ்வின் கடைசி மாதம் என்று எண்ணி நடக்கவேண்டும் என்று கனீசியுஸ் நவதுறவிகளுக்கு அறிவுரை கூறினார். அது தமக்கே சொல்லப்பட்டது என்று தனிஸ்லாஸ் உடன் இருந்தவர்களிடம் சொன்னார். தேவதாயின் விண்ணேற்புத் திருநாளை மோட்சத்தில் கொண்டாட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. ஆகஸ்டு 10-ஆம் நாள், புனித லவுரேஞ்சியார் திருநாளன்று, அந்த ஆசையைத் தேவதாய்க்கு ஒரு கடிதமாக எழுதி, நெஞ்சில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கினார். அன்றே காய்ச்சல் கண்டது. முதலில் யாரும் பெரிதாக எண்ணவில்லை. 14-ஆம் நாள் நிலைமை மோசமாயிற்று. தவம் செய்பவனைப்போல் வெறுந்தரையில் கிடத்தும்படி கேட்டுக்கொண்டார். 15-ஆம் நாள் விடியுமுன் உயிர் பிரிந்தது. வயது 17.

காலம் கடந்து வந்த அண்ணன்

மகன் இறந்தது அறியாத தந்தை, அவரைக் கையோடு அழைத்து வரும்படி பவுலை ரோமுக்கு அனுப்பியிருந்தார். பவுல் செப்டம்பர் மாதம் நவதுறவியர் இல்லத்தின் கதவைத் தட்டினார். தம்பியைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊரார் அந்தக் கல்லறையில் மண்டியிட்டுச் செபிப்பதைக் கண்டார். தாம் அடித்த பிள்ளையை உலகம் புனிதர் என்று கூப்பிடுவதைக் கேட்டார்.

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைப் பிழியும் இடம் இதுவே. தம்பியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு மாதம் முன்னதாக வந்திருந்தால் கேட்டிருக்கலாம். எஞ்சிய வாழ்நாளைச் செபத்திலும் தருமத்திலும் தவத்திலும் கழித்தார். தம்பியின் புனிதத்தன்மை விசாரிக்கப்பட்டபோது, தாம் செய்த கொடுமைகளை மறைக்காமல் சாட்சி கூறினார். முதிய வயதில் தம்பி சேர்ந்த அதே சேசு சபையில் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டினார். 1607-இல் இறந்தார். எந்தக் குடும்பப் புகழுக்காகத் தம்பியை அடித்தாரோ, அந்தக் கோஸ்கா என்ற பெயரை உலகம் இன்று அறிந்திருப்பது அந்தத் தம்பியால்தான்.

தமிழ் மண்ணுக்கு வந்த பெயர்

தனிஸ்லாஸ் 1605-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1726 டிசம்பர் 31-ஆம் நாள் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் அதே நாளில் ஞானப்பிரகாசியாரையும் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். ஒரே நாளில் பட்டம் பெற்ற இந்த இரு வாலிபரின் பெயர்களும் தமிழ்க் குடும்பங்களில் அண்ணன் தம்பி பெயர்களாக வழங்குவது வியப்பல்ல. 2026-ஆம் ஆண்டின் கடைசி நாள் அதற்கு முந்நூறாம் ஆண்டு நிறைவு. வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றிய ஆண்டும் 1726 என்றே சொல்லப்படுகிறது.

பெயரைக் கொண்டு வந்தவர்கள் சேசு சபைக் குருக்களே. 1606-இல் தொடங்கிய மதுரை மிஷன் நம் பகுதியையும் தழுவியது. நம் மாவட்டத்து ஆவூர் அக்காலத்திலேயே அவர்களுடைய முக்கியத் தலங்களுள் ஒன்று. 1773-இல் சபை கலைக்கப்பட்டு அப்பணி தடைப்பட்டாலும், 1838-இல் அவர்கள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். தங்கள் சபைப் புனிதர்களின் பெயர்களை ஞானஸ்நானத்தின்போது அவர்கள் பிள்ளைகளுக்கு இட்டார்கள். போலந்தின் பனிநாட்டில் பிறந்த பெயர் இப்படித்தான் நம் கண்மாய்க் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் அப்பெயர் வழங்கிற்று. 1964-இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றக் காரணராயிருந்த தனிநாயகம் அடிகளார் தம் பெயரைச் சேவியர் எஸ். தனிநாயகம் என்று எழுதினார். நடுவில் நிற்கும் அந்த எழுத்து ஸ்தனிஸ்லாஸ் என்பதன் முதலெழுத்தே. 1980-இல் மறைந்த அவ்வடிகளாரின் உழைப்பால் தமிழின் புகழ் உலகத்தார் காதில் விழுந்தது.

நமக்குரிய பாடம்

திருக்குறளில் புகழ் என்று ஓர் அதிகாரம் உண்டு. அது 24-ஆம் அதிகாரம். ஈகைக்கு அடுத்து, இல்லறவியலின் முடிவில் நிற்கிறது. அதற்கு அடுத்த அதிகாரத்திலிருந்து துறவறவியல் தொடங்குகிறது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவருக்கு இந்த வரிசை தெரியாமல் இருந்திராது. இல்லறத்தின் வாசற்படியில், துறவறத்தைப் பார்த்தபடி புகழ் நிற்கிறது. அந்த வாசற்படியில்தான் ஜான் கோஸ்காவும் அவர் மகனும் எதிரெதிரே நின்றார்கள். இருவரும் ஒரே பெயரின் பொருளையே விரும்பினார்கள். தந்தை தேடிய புகழ் மனிதர் காதில் விழும் புகழ். மகன் தேடியது கடவுளின் செவியில் விழும் புகழ்.

இங்கே ஒரு கேள்வி எழும். தந்தை சொல்லைத் தட்டி வீட்டை விட்டுப் போன பிள்ளையைத் திருச்சபை எப்படிப் பீடத்தில் வைத்தது? தாய் தந்தையரைச் சங்கிப்பது நான்காம் கற்பனை அல்லவா? ஆம். ஆனால் நான்காம் கற்பனை முதலாம் கற்பனைக்குக் கீழ்ப்பட்டது. தனிஸ்லாஸ் விளையாட்டுக்கோ கோபத்துக்கோ போகவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பொறுத்தார், கேட்க வேண்டியவர்களைக் கேட்டார், மூத்தவர்களின் ஆலோசனையோடு போனார், போன இடத்திலும் சோதனைக்கு உட்பட்டார். வாலிபப் பிள்ளைகளே, அவரிடம் நீங்கள் கற்க வேண்டியது ஓட்டத்தையல்ல, பொறுமையை. இன்றைய திருச்சபைச் சட்டமும் 17 வயது நிறையாதவரை நவதுறவில் சேர்க்கக்கூடாது என்கிறது. உங்கள் பெற்றோரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். உங்கள் பங்குக் குருவிடம் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். மகன் இன்ன படிப்புத்தான் படிக்க வேண்டும், சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தை உயர்த்த வேண்டும் என்று நாம் திட்டமிடுகிறோம். கடன்பட்டும் நிலத்தை அடகு வைத்தும் படிக்க வைத்தவர்களுக்கு அப்படி எண்ண உரிமை உண்டு. ஆனால் உங்கள் பிள்ளை குருவாகவோ கன்னியராகவோ ஆக விரும்புவதாகச் சொல்லும்போது, வீட்டில் சாவு விழுந்ததுபோல் அழாதீர்கள். ஒரு வருடம் பொறு என்று சொல்லலாம், சோதித்துப் பார்க்கலாம். கனீசியுசும் சோதித்தார். கதவை மட்டும் தாழிடாதீர்கள். ஞானஸ்நானத்தன்று பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்தவர்கள் நீங்களே.

அண்ணன் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும். வரப்புக்காகவும் வீட்டுச் சுவருக்காகவும் பேசாதிருக்கும் உடன்பிறந்தோர் எத்தனை பேர்! ஒரே பூசையில் ஆளுக்கொரு பக்கமாக நின்றுவிட்டு, முகம் பாராமல் வெளியேறுகிறார்கள். யூபிலி என்பது விவிலியத்தில் கடன் தீர்க்கும் ஆண்டு. பிரிந்தவன் தன் குடும்பத்துக்குத் திரும்பும் ஆண்டு. பவுலுக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது. நமக்கு இன்னும் பிந்தவில்லை. திருவிழாவுக்கு முன் போய்க் கதவைத் தட்டுங்கள். திறப்பதற்கு ஆள் இருக்கும்போதே தட்டுங்கள்.

ரோமில் புனித அந்திரேயா ஆலயத்தை அடுத்த பழைய இல்லத்தில், அவர் இறந்த நிலையைக் காட்டும் சலவைக்கல் சிலை ஒன்று உண்டு. 1703-ஆம் ஆண்டளவில் பியேர் லெக்ரோ என்ற சிற்பி செய்தது. முகமும் கைகளும் வெண்கல். துறவு உடை கருங்கல். படுக்கை மஞ்சள் நிறக் கல். ரோமில் படித்த காலத்தில் கரோல் வொய்த்திவா என்ற இளம் போலந்துக் குரு அந்த ஆலயத்திலுள்ள தனிஸ்லாசின் கல்லறைக்குச் செபிக்கப் போவதுண்டு. கிராக்கோவில் ஆயர் தனிஸ்லாஸ் அமர்ந்த அதே ஆசனத்தில் பின்னாளில் அமர்ந்தவரும், இரண்டாம் ஜான் பால் என்ற பெயரோடு 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னைக்கு வந்து நம்மை ஆசீர்வதித்தவரும் அவரே.

தனிஸ்லாஸ் என்ற பெயரைத் தாங்கியவர்களே, நவம்பர் 13-ஆம் நாள் உங்கள் நாமத் திருநாள். அன்று பூசை கண்டு நற்கருணை வாங்குங்கள். உங்கள் பெயரின் பொருளைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். புதுப் பெயர் தேடுகிறவர்கள் ஒலியை மட்டும் பார்க்காமல், அப்பெயருக்குப் பின்னால் ஒரு புனிதர் நிற்கிறாரா என்றும் பாருங்கள். வேறு பெயர் உடைய நாமும் நம் பெயருக்குரிய புனிதரை அறிந்து, அவர் வழியில் நடக்க முயல்வோம். தரையைத் துடைத்த கைகளில் குழந்தை இயேசுவை ஏந்திய அந்த வாலிபர், நம் பங்கின் வாலிபர்களுக்காகவும் பெற்றோர்களுக்காகவும் பிரிந்திருக்கும் சகோதரர்களுக்காகவும் ஆண்டவரிடம் பரிந்து பேசுவாராக!

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

பங்குக் குரு